உமரி முளைக்கிற இடம்

ராஜாராமின் தலையில் பரிவட்டம் கட்டியவர் எங்கள் குப்பத்துத் தலைவர், நாட்டார் கண்ணாயிரம். கட்ட வைத்தவள் நான். ஊரில் பாதிப் பேர் அது தானாக அமைந்தது என்று நினைக்கிறார்கள். இரண்டு வருஷம் நெஞ்சுக்குள் வைத்து வளர்த்த ஒன்றைத் தானாக அமைந்தது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் தனக்கோடி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கிழக்கில் கடலும் மேற்கில் உப்பங்கழியுமாக நடுவில் நீண்டு கிடக்கும் மணல் திட்டில்தான் எங்கள் குப்பம். வடக்கு ஓரத்தில் கடைசி வீடு எங்களுடையது. வீட்டுக்கு முன்னால், கடல் பக்கம், இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மணல் மேடு இருந்தது. மேட்டின் மேல் தாழம்புதர், சரிவெல்லாம் அடம்பங்கொடி. அதை யாரும் நட்டதாகவும் ஞாபகமில்லை, வெட்டியதாகவும் ஞாபகமில்லை. தாழை மணலைப் பிடித்துக்கொண்டிருந்தது, மணல் கடலைத் தடுத்துக்கொண்டிருந்தது, நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினோம்.

எழுபத்து நாலில் ராஜாராம் வந்தார். மெட்ராஸில் இரும்புச் சாமான் வியாபாரம். கேளம்பாக்கம் வழியாகக் காரில் வந்து காற்று வாங்கிப் பார்த்தவருக்கு இடம் பிடித்துப்போயிற்று. எங்கள் வீட்டுக்கு வடக்கே ஒரு பள்ளமான வெற்று மணல், அதற்கும் வடக்கே ஓர் உயர்ந்த திடல், அதோடு எங்கள் வீட்டு முன்னால் இருந்த தாழை மேடு, எல்லாவற்றையும் சேர்த்துப் பத்திரம் முடித்துக்கொண்டார். திடலின் மேல் பங்களா எழும்பியது. வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபோதுதான் தெரிந்திருக்கிறது, தெற்குப் பக்கக் கடலைத் தாழை மறைக்கிறது என்று.

ஆள் வைத்து வெட்டினார். வெட்டியதைக் காயவைத்துக் கொளுத்தினார். மேட்டு மணலை லாரியில் ஏற்றிக் கட்டட வேலைக்குக் கொண்டுபோனார். நான் போய்க் கேட்டேன். அய்யா, இது எங்க வூட்டுக்கு வேலி, இது போனா கடல் உள்ள வந்துடும் என்று பணிவாகத்தான் சொன்னேன். அவர் சிரித்தார்.

"உன் வீட்டுக்கு வேலி வேணும்னா நீ போட்டுக்கோ. என் கண்ணுக்கு எதுக்கும்மா வேலி?"

அடுத்த வருஷம் கார்த்திகை அமாவாசை. மழைகூட இல்லை, கடல் மட்டும் பொங்கியது. பொழுது விடிகிற நேரத்தில் மேடு இருந்த திறப்பு வழியாக ஒரே அலை வந்தது. கரையில் ஏற்றி வைத்திருந்த எங்கள் கட்டுமரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக்குள்ளேயே போட்டது. தண்ணீர் அடித்துப் போகாமல் வலையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மாரியின் முழங்காலில் மரம் ஏறியது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தார். உயிரோடு அனுப்பினார்கள், கால் மட்டும் மடங்கவில்லை. கட்டுமரத்தில் போகிறவன் மண்டியிட்டுத் துடுப்புப் போட வேண்டும். மண்டியிட முடியாதவனுக்குக் கடலில் வேலை இல்லை.

ராஜாராம் பார்க்க வந்தார். கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஆறு ஆரஞ்சுப் பழம். மாரியின் காலைப் பார்த்தார், இடிந்த சுவரைப் பார்த்தார், தாழை இருந்த இடத்தைப் பார்க்கவே இல்லை.

"கடல் பக்கத்துல இருந்தா இதெல்லாம் சகஜம்தானே" என்றார்.

அப்புறம் பெரிய மனசு பண்ணி, என்னைப் பங்களாவில் தோட்ட வேலைக்கு வரச் சொன்னார். மாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கை நீட்டி ஹார்லிக்ஸை வாங்கிக்கொண்டு, வரேனுங்க என்றேன். சகஜம்தானே என்று அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன். அவருக்கே திருப்பிக் கொடுக்காமல் சாகக்கூடாது என்று அன்றே கங்கையம்மனிடம் சொல்லிவிட்டேன்.

இப்போது அந்தப் பள்ளமான வெற்று மணலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே தாழை கிடையாது, புன்னை கிடையாது, ஒரு முள்ளுச் செடிகூடக் கிடையாது. உமரி மட்டும்தான் இருக்கும். கணுக்கால் உயரம், சதைப்பற்றான சின்னச் சின்ன இலை, வெயில் ஏற ஏறச் சிவந்துபோகும். உப்புத் தண்ணீர் வந்து நின்று போகிற இடத்தில்தான் உமரி பிழைக்கும். எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். அது கழியின் வாய்.

நல்ல மழை பெய்கிற வருஷத்தில் மேற்கே இருக்கிற ஏரிகளெல்லாம் நிறைந்து, கலங்கல் தாண்டி, கழிக்கு வந்து சேரும். கழித் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கடல் மணலைக் கொட்டி வாயை அடைத்து வைத்திருக்கும். தண்ணீர் பின்வாங்கி வயல்களிலும் வீடுகளிலும் ஏறும். அப்போது கடல் வற்றுகிற நேரம் பார்த்து நாங்கள் போய் உமரிக்காட்டின் நடுவே மணலை வெட்டிவிடுவோம். ஒரு முழம் அகலம் வெட்டினால் போதும், மிச்சத்தைத் தண்ணீரே வெட்டிக்கொள்ளும். கழி வடியும், பிறகு கடல் தண்ணீர் உள்ளே போகும், இறால் குஞ்சு உள்ளே போகும், எங்கள் தை மாதம் அதில்தான் ஓடும். வேறு இடத்தில் வெட்டினால் மறு அலையிலேயே மூடிக்கொள்ளும்.

இதற்கு ஒரு முறை இருந்தது. வாய்க்கு எந்த வீடு ரொம்பக் கிட்ட இருக்கிறதோ அந்த வீட்டு ஆண் பிள்ளைதான் முதல் மண் எடுக்க வேண்டும். முதலில் நஷ்டப்படப் போகிறவன் அவன். அவன் கை வைத்தால்தான் மற்றவர்கள் மண்வெட்டியைத் தொடுவார்கள். அதற்காக அவனுக்குக் கோயிலில் பரிவட்டம் கட்டி, மேளத்தோடு கூட்டிப்போவார்கள். மூன்று தலைமுறையாக அந்த மரியாதை எங்கள் வீட்டுக்கு. கடைசியாக அறுபத்தொன்பதில் மாரி எடுத்தார். அதற்கப்புறம் வானம் பொய்த்துவிட்டது. வெட்ட வேண்டிய தேவையே வரவில்லை.

ராஜாராம் பார்த்தது எல்லாம் அந்த வறட்சி வருஷங்கள்தான். அவர் கண்ணில் அந்தப் பள்ளம் ஆண்டவன் அவருக்காகவே சமன் செய்து வைத்த இடம். புதரில்லை, வெட்டுச் செலவில்லை, ஜிலுஜிலுவென்று காற்று. விருந்தாளிகளுக்காக அங்கே ஒரு கெஸ்ட் ஹவுஸ், முன்னால் புல்வெளி என்று முடிவு செய்தார். ஒருநாள் செருப்பு நுனியால் உமரியைத் தள்ளி, இது என்ன என்று என்னிடம் கேட்டார்.

"கீரைங்க அய்யா. பருப்புல போட்டுக் கடைஞ்சா நல்லாக் கீது."

பொய்யில்லையே. கடைந்தும் கொடுத்தேன். உப்பே போடவில்லையா, கீரையிலேயே எப்படி உப்பு இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். இது ஏன் இங்கே மட்டும் முளைக்கிறது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் கேட்கிற ஆள் இல்லை.

செங்கல்பட்டுப் பக்கமிருந்து லாரி லாரியாகச் செம்மண் வந்தது. மெட்ராஸிலிருந்து புல் வந்தது, குரோட்டன்ஸ் வந்தது, தொட்டி தொட்டியாக ரோஜா வந்தது. நான் நட்டேன், தண்ணீர் விட்டேன். அடியிலிருந்து உப்பு ஏறி ரோஜா கருகியது. புல்லுக்கு நடுவே உமரி தலையை நீட்டிக்கொண்டே இருந்தது. பிடுங்கு பிடுங்கு என்பார். பிடுங்கி மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவேன். மறு வாரம் அதே இடத்தில் அதே உமரி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். என் பக்கம் ஒருத்தி இருக்கிறாள் என்பது போல.

அவருடைய மனைவி வசந்தா அம்மா வேறு மாதிரி. ரோஜா கருகியதைப் பார்த்துவிட்டு, இந்த மண்ணுக்கு எது வருமோ அதை வைக்கலாமே என்று என்னையே கேட்டார். திடலின் தெற்குச் சரிவில் நாங்கள் இருவரும் நொச்சிக் குச்சி ஊன்றினோம், தாழை நட்டோம், அடம்பங்கொடியை இழுத்துவிட்டோம். அந்த அம்மா கையில் மண் படிய வேலை செய்வார், செடியின் பெயர்களை நோட்டில் எழுதிக்கொள்வார். ஒருநாள் புல்வெளியைப் பார்த்தபடி நின்றவர் கேட்டே விட்டார்.

"தனக்கோடி, இந்த உமரி ஏன் இந்தப் பள்ளத்துல மட்டும் வருது?"

சொன்னால் என் ஏற்பாடு கெட்டுவிடும். சொல்லாமலிருந்தால் என்னை மனுஷியாக நடத்திய ஒருத்தியை ஏமாற்றினவள் ஆவேன். மாரியின் காலை நினைத்தேன். அப்படியும் பொய் வரவில்லை. வாயைப் பற்றி, வெட்டுவதைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, என் நாக்கைப் பிடுங்கிப் போட வேண்டும் என்று அழுதேன்.

மறுநாள் ராஜாராமே என்னைக் கூப்பிட்டார். கட்டட இஞ்சினீயர் எதிரில் உட்கார்ந்திருந்தார். தோட்டக்காரி பிளான் போட ஆரம்பித்துவிட்டாள், இனிமேல் இஞ்சினீயர் எதற்கு என்று சொல்லி இருவரும் சிரித்தார்கள். வசந்தா அம்மா எழுந்து உள்ளே போனார். அந்தச் சிரிப்பைக் கேட்டபோது என் வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. இனி என் மேல் பழியில்லை. சொல்லியாகிவிட்டது, அவரும் சிரித்தாகிவிட்டது.

எழுபத்தேழு சித்திரையில் கெஸ்ட் ஹவுஸுக்குப் பால் காய்ச்சினார்கள். ஐப்பசியில் மழை பிடித்தது. பிடித்த மழை விடவில்லை. முதல் வாரத்திலேயே வசந்தா அம்மா தன் துணிமணி, நோட்டு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு மெட்ராஸுக்குப் போய்விட்டார். போகும்போது என் கையைப் பிடித்து அழுத்தினார்.

பத்தாம் நாள் காலையில் மேற்குக் கரையிலிருந்து ஆபிரகாம் தோணியில் வந்தார். அவர்களுடைய காலனி கழியை ஒட்டியிருக்கிறது. எல்லோரும் அறுப்பு, நடவு என்று வயல் வேலைக்குப் போகிறவர்கள். வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர், பிள்ளைகளைத் தேவாலயத்து மேடையில் ஏற்றி வைத்திருக்கிறோம், இன்னும் ஒரு நாள் பெய்தால் அதுவும் போச்சு, வாயை வெட்டிவிடுங்கள் என்று கண்ணாயிரத்தின் வாசலில் நனைந்தபடி நின்று கேட்டார்.

கண்ணாயிரம் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கு இரண்டு தலைவலி. முதல் மண் எடுக்கிற மாரியால் கால் ஊன்றிக் குனிய முடியாது. வாய் இருக்கிற இடம் இப்போது ராஜாராமின் பட்டா. தன் மணலில் கருவாடு காயப்போட்டதற்கே நாலு பேரை ஸ்டேஷனில் உட்கார வைத்தவர். புல்வெளியில் மண்வெட்டி விழுந்தால் போலீஸ் வராமல் இருக்குமா?

மாரி தலையைக் குனிந்துகொண்டார். நான் அடுப்பிலிருந்து எழுந்து வந்தேன்.

"அண்ணாத்த, வாய்க்குக் கிட்ட கீற வூடுதான முதல் மண்ணு எடுக்கணும்?"

"ஆமா."

"இப்ப எங்க வூடு கிட்ட இல்லியே. அவுரு வூடு வாய்க்குள்ளயே கீது."

மாரி தலையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணாயிரத்தின் வெற்றிலைக் கறை படிந்த வாய் மெல்ல ஒரு பக்கம் ஏறியது. முறைன்னா முறைதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காயோடு பத்துப் பேர் பங்களாவுக்குப் போனார்கள். நான் பின்னால் நின்றேன். ஊர் மரியாதை, பரிவட்டம், மேளம், முதல் மண் என்றதும் ராஜாராமின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. மூன்று வருஷமாகக் குப்பத்தில் ஒருத்தன் அவருக்குத் துண்டைக் கீழே இறக்கியதில்லை. எங்கே வெட்டுவீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. புது வேட்டி கட்ட வேண்டுமா, பட்டு வேட்டி போதுமா என்று கேட்டார். போட்டோ எடுக்க மாமல்லபுரத்திலிருந்து ஸ்டூடியோக்காரனை அழைத்துவரக் காரை அனுப்பினார்.

கடல் வற்றுகிற நேரம் காலை பத்து மணி. மழை கொஞ்சம் விட்டிருந்தது. கங்கையம்மன் கோயிலில் கற்பூரம் காட்டி, பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். அது மாரியின் மண்வெட்டி. நான்தான் சாணை பிடித்து, மஞ்சள் பூசிக் கொண்டுவந்தேன். மேளம் முன்னால் போக, ஊரே பின்னால் நடந்தது. ஆபிரகாமும் காலனி ஜனங்களும் நனைந்த துணியோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். ராஜாராம் எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார். எங்கள் வீட்டைத் தாண்டினோம். ஊர்வலம் அவருடைய கேட்டுக்குள் நுழைந்தபோது, தன் வீட்டுக்கு மரியாதை செய்ய வருகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார். சிரிப்பு மாறவில்லை.

கெஸ்ட் ஹவுஸ் படிக்கு நாலடி தள்ளி, புல்லுக்கு நடுவே கொஞ்சம் உமரி முளைத்திருந்தது. போன வாரம் நான் பிடுங்காமல் விட்டது. கண்ணாயிரம் அதன் மேல் தன் கோலை ஊன்றினார். மேளம் நின்றது.

"இங்கயா?" என்றார் ராஜாராம்.

ஆபிரகாமின் பக்கத்தில் ஒருத்தி ஈரத்தில் நடுங்கும் குழந்தையைத் தோளில் போட்டு நின்றாள். போட்டோக்காரன் காமிராவைத் தூக்கி, சார் கொஞ்சம் இந்தப் பக்கம் என்றான். ராஜாராம் சுற்றிப் பார்த்தார். இருநூறு பேர். அத்தனை கண்ணும் அவர் மேல். சடங்குதானே, ஒரு கை மண்தானே, புல்லை மறுபடி ஒட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டது அவர் முகத்திலேயே தெரிந்தது. குனிந்தார், காமிராவைப் பார்த்துச் சிரித்தார், புல்லோடும் உமரியோடும் ஒரு கட்டி மண்ணைப் பெயர்த்தார்.

கண்ணாயிரம் கையைத் தூக்கினார். மேளம் மறுபடி முழங்கியது. நாற்பது மண்வெட்டி ஒன்றாக இறங்கியது.

அவர் கத்தியது மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அரை மணியில் கழிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு முழ அகல வாய்க்கால். அதற்குப்பிறகு மனுஷக் கைக்கு வேலை இல்லை. தண்ணீர் செம்மண்ணைச் சுருட்டியது, புல்வெளியைப் பாய் போலச் சுருட்டியது. குரோட்டன்ஸ் தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்குப் போயின. உச்சி வேளையில் கெஸ்ட் ஹவுஸின் படி போனது, பிறகு முன்சுவர், பிறகு மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. மேற்குக் கரையில் தண்ணீர் இறங்க இறங்கக் காலனி ஜனங்கள் குலவை போட்டார்கள்.

தண்ணீர் வடக்கேயும் அரித்துக்கொண்டு போய்ப் பங்களாத் திடலைத் தொட்டது. அங்கே நானும் வசந்தா அம்மாவும் வைத்த நொச்சியும் தாழையும் இருந்தன. வேரெல்லாம் வெளியே தெரிந்தது, ஆனால் மண் விடவில்லை. அதோடு நின்றுவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு எனக்கு அந்தத் தாழை மேல் ஆத்திரமாக வந்தது. நான் நட்டது என்னையே தடுக்கிறதே என்று.

ராஜாராம் பங்களாப் படியில் உட்கார்ந்திருந்தார். பரிவட்டத்தைக் கழற்றவே மறந்துவிட்டார். பட்டு வேட்டி முழுக்கச் சேறு. என்னைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்தது என்று நினைக்கிறேன்.

"இது உன் ஏற்பாடுதான், இல்ல?"

கிட்டப் போனேன். இரண்டு வருஷமாகப் போட்டு வைத்த முடிச்சை அவிழ்த்தேன்.

"கடல் பக்கத்துல கீறமே அய்யா. இதெல்லாம் சகஜந்தான."

ஒரு மாதம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அத்துமீறி நுழைந்தோம், சொத்தை நாசம் செய்தோம் என்று இரண்டு பக்கம். கண்ணாயிரம் ஸ்டூடியோவில் போய் ஒரு பிரதி வாங்கி, பதிலாக அந்தப் போட்டோவை அனுப்பினார். பரிவட்டம், மாலை, கையில் மண்வெட்டி, வாய் நிறையச் சிரிப்பு. அதற்குப் பிறகு நோட்டீஸ் வரவில்லை. தையில் வசந்தா அம்மாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. உன் வீட்டு முன்னால் பழைய மேடு இருந்த இடத்தில் தாழை வைத்துக்கொள், இனி யாரும் தடுக்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தார். வைத்திருக்கிறேன். முழங்கால் உயரம் வந்திருக்கிறது.

வாய் வெட்டிய அன்று சாயங்காலம் மாரி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மண்ணு எப்டி எடுத்தாரு?"

"மேலாப்புல கிள்ளினாரு. அவ்ளோதான்."

"நானா இருந்தா முட்டி ஆழம் எடுத்திருப்பேன்" என்றார்.

சொல்லிவிட்டுத் தன் முட்டியைப் பார்த்தார். நான் உமரி கடைந்த சோற்றை அவர் முன்னால் வைத்துவிட்டு வெளியே வந்தேன். புது வாயில் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. வடக்கே திடலின் மேல் பங்களா அப்படியே நின்றது. அவருக்கு ஒரு கெஸ்ட் ஹவுஸ் போயிற்று, இவருக்குக் கால் திரும்பவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தத் தாழை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால், பங்களாவையும் காவு வாங்கியிருப்பேன்.